கீறல்

ஹோக்ஸ்டரில் ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு.
ஒற்றைக் காலுறையைத் தேடி முடித்தபோது ஒன்பதேகால்.
முன்னால் ரிக்கே, பதினான்கு வயது, காதில் பாட்டு.
அடுத்து வீப்கே. அவள் சைக்கிளின் பின்னால் கொக்கி போட்ட
அரைச் சைக்கிளில் மால்ட்டே,
மிதிக்கிறேன் மிதிக்கிறேன் என்று
மிதிக்காமல் வருகிறான்.
கடைசியில் நான்.
கூடாரம், அடுப்பு, ஆறு முட்டை,
நான்கு பேரின் ஈரத் துணி,
இன்னொருவர் சைக்கிள்.

இன்னொருவர் என்றால் பிள்ளைகளின் அப்பா.
பிரேமனுக்குக் குடிபோனபோது
இதை நிலவறையில் விட்டுவிட்டார்.
சும்மாதானே கிடக்கிறது என்றாள் வீப்கே.
இருக்கைத் தண்டில் ஆணியால் இழுத்த ஒரு கீறல்,
அவருடைய காலுக்கான அளவு.
நான் மூன்று விரற்கடை குட்டை.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை,
கீறலிலேயே வைத்து ஏறிவிட்டேன்.

ஹோல்ஸ்மிண்டன் கண்ணுக்குத் தெரியுமுன்
மூக்குக்குத் தெரிந்தது.
அக்கரையில் வாசனைத் தொழிற்சாலைகள்.
முதலில் வெனிலா, பிறகு ஏதோ சோப்பு,
பிறகு மரத்தையே பார்த்திராத எலுமிச்சை.
"ஐஸ்கிரீம் இல்லாத ஐஸ்கிரீம்" என்றான் மால்ட்டே,
ஏமாற்றப்பட்டவன் குரலில்.

வெசர் ஆறு வலப்பக்கம் கூடவே வந்தது.
அதுவும் மிதிக்கவில்லை.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"
"பிரேமனுக்கு."
"அப்பா வீட்டுக்கா?"
"அந்த வழியா. அப்புறம் கடலுக்கு."
"இப்படியே மிதிச்சா நாமளும் போயிடலாமா?"
வீப்கே திரும்பவில்லை.
"ஆறு நாள் ஆகும்" என்றாள்.
அதன்பிறகு அவன் உண்மையாகவே மிதித்தான்,
ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்.

நான் நிற்கும்போதெல்லாம்
பெருவிரல் நுனியால் மட்டும் ஜெர்மனியைத் தொட்டேன்.
ஹைன்சனில் ஒரு டிராக்டருக்கு ஒதுங்கினேன்,
விரல் நுனியும் எட்டவில்லை.
மிக மெதுவாக, மிக மரியாதையாக,
பீட்ரூட் வயலுக்குள் சாய்ந்தேன்.
முட்டையில் நான்கு போயிற்று.
டிராக்டர்க்காரர் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.
முன்னே போயிருந்த ரிக்கே
திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பொல்லேயில் படகுத்துறை.
அந்த மிதவைக்கு எஞ்சின் கிடையாது.
குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு
கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும்,
ஆறே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும்.
அது இப்போது அந்தப் பக்கம் நின்றது.
காத்திருந்தோம். வாத்துகள். டீசல் இல்லாத அமைதி.

ரிக்கே காதிலிருந்ததைக் கழற்றினாள்.
"ஃபோல்க்மார், இறங்கு."
பையிலிருந்து அறுகோணச் சாவி.
இரண்டு திருப்பு. உள்ளங்கையால் ஓர் அழுத்து.
என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து,
கடையில் மேசை பார்ப்பவள்போல
இடுப்பெலும்போடு ஒப்பிட்டாள்.
இன்னும் கொஞ்சம்.
கீறல் குழாய்க்குள் இறங்கி மறைந்தது.
அவள் கவனித்தாள். நான் கவனித்ததையும் கவனித்தாள்.
"அப்பாவும் முதல்ல தப்பாத்தான் வெச்சிருந்தார்" என்றாள்,
"தினம் ராத்திரி முட்டிக்கு ஐஸ்."
பிறகு மறுபடி பாட்டுக்குள் போய்விட்டாள்.

படகுக்காரர் காசுப்பையைத் திறந்து எங்களை எண்ணினார்.
"குடும்பமா?"
வீப்கே சில்லறையைத் துழாவினாள்.
நான் வாத்துகளைப் பார்த்தேன்.
"நாலு பேர்" என்றான் மால்ட்டே,
"மூணரை சைக்கிள்."

பிற்பகல் முழுக்க எதிர்காற்று.
மிதியடி காலுக்குக் கீழேயே இருந்தது,
எங்கே இருக்க வேண்டுமோ அங்கே.

இரவு போடன்வெர்டரில்
மிஞ்சிய இரண்டு முட்டையை நான்காகப் பங்கிட்டோம்.
உப்பை மறந்தது நான்.
எல்லோருடைய வலது கெண்டைக்காலிலும்
சங்கிலி மை பல்பல்லாய் அச்சாகியிருந்தது.
மால்ட்டே தன்னுடையதைக் கழுவ விடவில்லை,
அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

நாளை மாலை ஹாமெல்ன்.
அங்கிருந்து ரயிலில் வீடு.
அவனிடம் யார் சொல்வது என்று
கூடாரத்துக்கு வெளியே கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறோம்.
ஆறு கேட்டுக்கொண்டே போகிறது.